ஆப்பரேஷன் தேதி வந்துவிட்டதா? இனிப்புநீர் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் ஒருவருக்குப் பெரிய அறுவை சிகிச்சை என்றால் அநேகமாக ஈப்போவுக்குத்தான் போக வேண்டும். தேதி வந்தவுடன் யார் காரில் போவது, யார் துணைக்கு இருப்பது, மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை என்றைக்கு என்பதெல்லாம் ஒரே மாலையில் முடிவாகிவிடும். இனிப்புநீர் (நீரிழிவு) மருந்தை என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் முதல் நாள் இரவு பத்து மணிக்கு எழும். அந்நேரத்தில் பதில் சொல்லப் பக்கத்து வீட்டு அக்காதான் இருப்பார்.

அவர் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "நாளைக்குச் சாப்பாடே கிடையாது, பிறகு எதற்கு மருந்து? எல்லாவற்றையும் நிறுத்துங்கள்." இதில் பாதி சரி. கிளிக்லசைடு மாத்திரை கணையத்தை முடுக்கி இன்சுலின் சுரக்க வைக்கும்; வெறும் வயிற்றில் போட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். அறுவை நாளன்று காலை அதை விட்டுவிடுவதுதான் வழக்கம். மெட்ஃபோர்மினையும் அன்று பொதுவாக நிறுத்தச் சொல்வார்கள். ஆனால், இரவில் போடும் நீண்ட நேர இன்சுலின் சாப்பாட்டுக்காகப் போடுவதல்ல. நாம் ஒரு வாய் உண்ணாவிட்டாலும் கல்லீரல் சர்க்கரையை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அதை அடக்கத்தான் அந்த ஊசி. அதன் அளவை வழக்கத்தில் முக்கால் பங்காகவோ ஐந்தில் நான்கு பங்காகவோ மருத்துவர் குறைப்பார், நிறுத்த மாட்டார். முதல் வகை இனிப்புநீர் உள்ளவர் இந்த நீண்ட நேர இன்சுலினை அடியோடு நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

இன்னொரு வகை மாத்திரைக்கு முதல் நாள் இரவில் யோசிப்பதே காலம் கடந்த செயல். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் ஆகியவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. இவற்றை அறுவைக்குக் குறைந்தது 3 நாளுக்கு முன்பே நிறுத்த வேண்டும் என்று 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவுறுத்தியது. இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும்கூட இவற்றைக் கொடுப்பதால், "அது நெஞ்சு மாத்திரை" என்று சொல்லிப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். பட்டினியோடு அந்த மாத்திரையும் உடம்பில் இருந்தால் கொழுப்பு கரைந்து உண்டாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் ஏறக்கூடும். கொடுமை என்னவென்றால், சோதனைக் கருவி அப்போதும் 8, 9 என்று சாதுவான எண்ணைக் காட்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு எல்லாவற்றையும் மயக்க மருந்தின் தலையில் கட்டிவிடுவோம். அதனால் "வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை" என்று அடையாளம் சொல்லாமல், இருக்கிற மருந்துப் பெட்டிகளை எல்லாம் ஒரு பையில் போட்டு மயக்க மருத்துவரிடம் காட்டுங்கள். வாரம் ஒரு முறை போடும் செமாகுளூட்டைடு ஊசி இருந்தால் அதையும் சொல்லுங்கள்; அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும்.

அந்தப் பையில் பாசாரில் வாங்கிய மூட்டுவலி ஜாமுவும் (நாட்டு மூலிகை மருந்து) இருக்கட்டும். திட்டு விழுமோ என்று ஒளிக்க வேண்டாம். பதிவில்லாத சில ஜாமுக்களில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது சர்க்கரையை ஏற்றும். பல மாதம் தின்றுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் அறுவையின்போது இரத்த அழுத்தம் விழவும் வாய்ப்புண்டு.

அடுத்தது, கடைசி வாரத்துப் பட்டினி. தேதி நெருங்கியதும் சோற்றை விட்டுப் பாகற்காய்ச் சாற்றில் காலம் தள்ளுவார்கள். மருத்துவர் பார்க்கும் எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையின் சராசரிக் கணக்கு. ஒரு வாரத் தவத்துக்கு அது பெரிதாக மசியாது. அவசரமில்லாத அறுவைக்கு அது முடிந்தவரை 8 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். அதற்காகத் தேதி தள்ளிப்போனால் கோபப்படாதீர்கள். சர்க்கரை கூடியிருந்தால் காயத்தில் கிருமி தொற்றும், ஆறவும் நாளாகும்.

அதற்காக எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்றும் நினைக்கக் கூடாது. தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் நடந்த நைஸ்-ஷுகர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. சர்க்கரையை 4.5க்கும் 6.0க்கும் இடையில் இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 விழுக்காட்டினர் இறந்தார்கள். 10க்குள் இருந்தால் போதும் என்று விட்டவர்களில் 24.9 விழுக்காட்டினர். மயக்கத்தில் இருப்பவர் கை நடுங்குகிறது, வியர்க்கிறது என்று சொல்ல முடியாதல்லவா? அறுவையை ஒட்டி 5.6 முதல் 10.0 வரை இருந்தால் போதும் என்பதுதான் இப்போதைய பரிந்துரை. தமிழ்நாட்டுக் காணொளிகளில் 180 என்று கேட்டுப் பதற வேண்டாம். அங்கே அலகு வேறு: அவர்களுடையது மில்லிகிராம், நம்முடையது மில்லிமோல். 18ஆல் வகுத்தால் நம் கணக்கில் 10.

அறுவையன்று விடியற்காலையில் கிளம்பும்போது 4.0க்குக் கீழே போனால், தேதி போய்விடுமே என்று மறைப்பவர்கள் உண்டு. மறைக்காதீர்கள். அப்போது என்ன குடிக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாகத் தெளிந்த சீனித் தண்ணீர் போன்றதுதான். பால் கலந்த எதுவும் ஆகாது. குடித்ததை, குடித்த நேரத்தோடு, போய்ச் சேர்ந்ததும் தாதியிடம் சொல்லுங்கள்.

வார்டில் நடக்கும் சண்டை வேறு. "அப்பா எதையும் சாப்பிடவில்லை, பிறகு எப்படி 13?" அறுவையே உடம்புக்கு ஓர் அடி. கார்டிசோல், அட்ரினலின் போன்ற சுரப்புகள் ஏறும். குமட்டலுக்குப் போடும் டெக்சாமெதசோனும் சர்க்கரையைத் தூக்கும். மாத்திரையில் மட்டுமே இருந்தவருக்கும் அதனால்தான் சில நாள் இன்சுலின் போடுகிறார்கள். ஊசி தொடங்கினால் ஆயுசுக்கும் ஊசிதான் என்று பயந்து மறுப்பது வீண். பலர் பிறகு மாத்திரைக்கே திரும்பிவிடுகிறார்கள். விரால் மீன் சூப்பில் தவறில்லை, புரதம்தானே. அதோடு பிளாஸ்கில் கெட்டிப்பால் மைலோவையும் கொண்டுபோய், தாதி அந்தப் பக்கம் போனதும் ஊற்றிக் கொடுப்பதுதான் தவறு. அவர்கள் ஊசி அளவைக் கணக்கிடுவது நீங்கள் ஒளித்துக் கொடுத்ததைத் தெரியாமல்.

வீடு திரும்பியதும் பழைய மாத்திரைகளைத் தாமாகவே தொடங்குவதும் நடக்கிறது. மெட்ஃபோர்மினுக்குச் சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைக்கு வழக்கமான சாப்பாடு திரும்பியிருக்க வேண்டும். எது, எந்தத் தேதியில் என்று கிளம்பும்போதே எழுதி வாங்குங்கள். இன்சுலினோடு அனுப்பப்பட்டவருக்குக் காயம் ஆற ஆறத் தேவை குறையும். வார்டில் சரியாக இருந்த அளவு வீட்டில் அதிகமாகலாம். ஆகவே, அந்த நாட்களில் காலையிலும் படுக்கும் முன்பும் சோதித்து எழுதி வையுங்கள். எண் 4ஐ நெருங்கினால் அடுத்த அப்பாய்ண்ட்மெண்டுக்குக் காத்திராமல் அன்றைக்கே கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.