காவல் துவக்கு ஆட்டம் கண்டால்

பயிரைப் பன்றியிடமிருந்து காக்க அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருக்கும் 12 போர் (குழல் அளவு) ஒற்றைக்குழல் துவக்கு (துப்பாக்கி), மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் காவல் வாடிகளில் மாரி முழுக்க ஈரத்திலேயே கிடக்கிறது. அடிக்கடி வெடி வைத்தால் முதலில் தேய்வது குழல் மடியும் பிணைச்சல் ஆணிதான்.

துவக்கை மடித்து, உள்ளே தோட்டா இல்லையென்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். பிறகு துவக்கை மூடி, குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றி, குழலை மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். முன்கட்டை மாட்டியிருந்தால் அதன் இறுக்கம் தேய்மானத்தை மறைத்துவிடும். 'டக் டக்' என்று ஆடினாலோ, மூடிய இடத்தில் வெளிச்சம் தெரிந்தாலோ சுடவே வேண்டாம். தோட்டாவின் பின்பக்கம் தாங்கலில்லாமல் கிழிந்து, சூடான வாயு முகத்தில் அடிக்கும். தகரத் துண்டு வைத்து இறுக்குவது மகா ஆபத்து. சற்றுத் தடித்த புது ஆணி போடவேண்டும், அது அனுமதி பெற்ற திருத்துநரின் வேலை.

வெடித்த தோட்டாவின் வெற்றுக் கோதையும் பாருங்கள். தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசி அதன் பின்பக்கத்தில் பட்ட குழி உருண்டையாக இருக்கவேண்டும். துளை விழுந்திருந்தால் ஊசிமுனை உடைந்திருக்கலாம், அப்படியென்றால் மாற்றுங்கள். குழி ஆழமில்லையென்றால் வில் (ஸ்பிரிங்) தளர்ந்திருக்கும், அல்லது ஊசித் துளையில் அழுக்கு.

கோது இறுகி வராவிட்டால் குழலில் தோட்டா உட்காரும் இடத்தின் உட்புறம் துருப்பள்ளம் உண்டா என்று பாருங்கள். சாக்குக்குள் சுற்றி வைக்காதீர்கள், ஈரம் பிடிக்கும்.