சிறுநீர் டியூப்: வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுநீர்ப்பைக்குள் டியூப் (கதீட்டர்) போட்டவரைப் பார்த்துக்கொள்ளும்போது கை கழுவுவதையும், டியூப் வழியாகச் சிறுநீர் சேரும் பையைத் தரையில் போடக்கூடாது என்பதையும் மருத்துவமனையிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். வீடு வீடாகப் போய் டியூப் மாற்றும் தாதியான நான், புதிதாகப் பராமரிக்கத் தொடங்குபவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பவை வேறு.

வாடை வந்ததும் ஆன்டிபயாட்டிக்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வரும். டியூப் போட்டு ஒரு மாதம் தாண்டிவிட்டால் ஏறக்குறைய எல்லாருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். டியூபின் உட்புறத்தில் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். மாத்திரையால் அதை முழுசாக அழிக்க முடியாது. சிறுநீர் கலங்கியிருப்பதையோ வாடை வருவதையோ மட்டும் வைத்து நோய்த்தொற்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. தாத்தாவின் பையில் வாடை வரும்போதெல்லாம் மகள் ஒரு பிஸ்கட் டின்னைத் திறப்பார். போன தடவை மீந்தது, ஊரிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வந்தது என்று உள்ளே அட்டை அட்டையாக மாத்திரைகள். இரண்டு நாள் கொடுப்பார், வாடை குறையும், நிறுத்திவிடுவார். “வீட்டிலேயே சரிபண்ணிட்டேன்கா” என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். பிறகு தாத்தாவுக்கு நிஜமாகவே குளிர்க்காய்ச்சல் வந்தபோது, வழக்கமான மருந்துகள் எதற்கும் அந்தக் கிருமி அசையவில்லை. வார்டில் வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். திரும்பி வந்தவரால் முன்புபோல் எழுந்து நடக்க முடியவில்லை.

வாடை வந்தால் முதலில் தண்ணீர் போதுமான அளவு குடிக்கிறாரா, டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். காய்ச்சல், நடுக்கம், விலாவிலோ அடிவயிற்றிலோ வலி, திடீரென்று வரும் மனக்குழப்பம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். சோதனைக்குப் பையிலிருக்கும் சிறுநீரைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். நாள்பட்ட டியூபாக இருந்தால் அதை மாற்றிவிட்டு, புது டியூபிலிருந்து எடுக்க வேண்டும்.

பையை மடியில் வைப்பது

டாக்சியில் ஏறும்போது பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. பை சிறுநீர்ப்பைக்கு மேலே போனால் குழாயில் நிற்கும் சிறுநீர் உள்ளே திரும்பும். சக்கர நாற்காலியின் கீழ்க் கம்பியில் மாட்டுங்கள்.

குளிப்பாட்டும்போது பையைக் கழற்றுவது

கழற்றாதீர்கள்.

தண்ணீரைக் குறைப்பது

பை சீக்கிரம் நிரம்புகிறதே என்று குறைத்துவிடுகிறார்கள். இருதயம், சிறுநீரகம் காரணமாக மருத்துவர் அளவு குறித்திருந்தால் ஒழிய, நாளுக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் வேண்டும்.

வடியாத டியூபை இழுத்துப் பார்ப்பது

உள்ளே நீர் நிரப்பிய சிறு பலூன் இருக்கிறது. இழுத்தால் சிறுநீர்வழி கிழியும். மடிப்பை நேராக்கியும் வடியாமல் அடிவயிறு உப்பி வலித்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.