கப்பலேறிப் போய்ப் படைவீரரான பாட்டனாரின் வாழ்க்கையை எழுதும் முறை

சமையற்காரராகவோ கடைப் பொடியனாகவோ தோட்டத் தொழிலாளியாகவோ பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய், பின்னர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த பாட்டனார் உங்கள் வீட்டில் இருந்திருந்தால், அவர் வரலாற்றைச் சீருடைப் படத்திலிருந்து தொடங்காமல், கப்பலேறிய நாளிலிருந்து தொடங்குங்கள். கூலிக்கு உழைத்தவர் தம் கையால் எழுதி வைத்தது பெரும்பாலும் இராது. அவர் பெயர் பிறருடைய கணக்கில்தான் கிடக்கும்.

ஆகவே முதலில் தேட வேண்டியது, அவர் வேலை பார்த்த லேவாதேவிக் கடையின், அதாவது வட்டிக்குப் பணம் கொடுக்கும் கடையின், பேரேடு. சம்பளம், முன்பணம், ஊருக்கு அனுப்பிய தொகை ஆகிய மூன்றையும் வரிசையாக எழுதினாலே ஒரு மனிதரின் பொறுப்புகள் தெரியத் தொடங்கும். பழைய ஏடுகளில் ௰ பத்தையும், ௱ நூறையும், ௲ ஆயிரத்தையும் குறிக்கும். ஆண்டு ‘சுபானு’ என்றிருந்தால் அது 1943 சித்திரை முதல் 1944 பங்குனி வரையிலான காலம். ஆனால் அதே பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் என்பதால், 1883 ஆக இருக்குமோ என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வளவு எனப்படும் பழைய பெரிய வீட்டை இடிக்கும்போது இந்த ஏடுகள் பழைய காகிதத்தோடு எடைக்குப் போய்விடுவதை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. உறவினர் வீட்டில் ஏடு இருப்பது தெரிந்தால், அனுமதி பெற்று அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள்.

அடுத்து, வீட்டில் சொல்லப்படும் ஆண்டுகளைச் சரிபாருங்கள். உதவி பெற்று மலேயாவுக்குச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. எனவே தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி வழியாகப் போனவர் அதற்கு முன் போயிருக்க வேண்டும். சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15இல் வீழ்ந்தது. அந்த ஆண்டு மோகன் சிங் தலைமையில் அமைந்த முதல் இந்திய தேசிய இராணுவத்தில் பெரும்பாலும் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களே இருந்தார்கள். நேதாஜி 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த பிறகுதான் தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்திரளாகச் சேர்ந்தார்கள். பாட்டனார் 1942இலேயே துப்பாக்கி ஏந்தினார் என்று வீட்டில் சொன்னால், மறுக்காமல் குறித்துக்கொண்டு, சான்று தேடுங்கள்.

இவ்விடத்தில் வேறொரு நாட்டு அனுபவம் நமக்குக் கைகொடுக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) ஜெர்மனியில் பிறந்த ஏறத்தாழ 2 லட்சம் பேர் வடபுறப் படையில் பணியாற்றினார்கள். தையற்காரர், ரொட்டி சுடுபவர், கூலியாள் எனப் பிழைக்க வந்தவர்கள் அவர்களில் ஏராளம். அத்தகையோரின் வாழ்க்கை இன்று தெரிய வருவது பெரிதும் ஓய்வூதியக் கோப்புகளால்தான். கைம்பெண் தன் திருமணத்தை மெய்ப்பிக்க அண்டை வீட்டாரும் உடன் போரிட்டவர்களும் அளித்த வாக்குமூலங்கள் அவற்றில் இருக்கின்றன. ஷ்மிட் என்பவர் பட்டியலில் ஸ்மித் ஆகியிருப்பதும் உண்டு. நம் கருப்பையாவையும் ஆங்கில ஆவணங்களில் நான்கைந்து எழுத்துக்கூட்டல்களில் தேடத்தான் வேண்டும். மத்திய அரசு 1972இல் தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத்துக்கு உங்கள் குடும்பம் விண்ணப்பித்திருந்தால், அந்த நகலும் உடன் சிறையிருந்தவர் தந்த சான்றும் டிரங்குப் பெட்டியில் கிடைக்கலாம்.

கடைசியாக அப்பத்தாவிடம் உட்காருங்கள். போரைப் பற்றிக் கேட்பதைவிட, பணம் வராத அந்த ஆண்டுகளில் அடுப்பு எப்படி எரிந்தது, எந்த நகை அடகுக்குப் போனது, பாட்டனார் திரும்பி வந்த அன்று வாசலில் முதலில் யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள். எழுதி முடித்ததை அப்பத்தாவுக்கே வாசித்துக் காட்டி, அவர் திருத்தும் இடங்களை ஓரத்தில் தேதியிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.