சிங்கப்பூரில் கப்பல் ஏறுவதற்கு முன் ஒரு பகல் ஊர் சுற்றுவது எப்படி?

போன டிசம்பரில் நான், மனைவி, மாமியார், மகள் நால்வரும் சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவு கப்பல் பயணம் போனோம். கப்பல் மாலை 5 மணிக்கு. 2.50க்கு நாங்கள் பெட்டிகளோடு தவறான துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தோம். அதனால்தான் இந்தப் பதிவு. விசா, விமானச் சீட்டு பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: முனையத்தின் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

இதில்தான் நான் விழுந்தேன். ஊரில் இரண்டு கப்பல் முனையங்கள் இருக்கின்றன. ஒன்று ஹார்பர்ஃபிரன்ட்டில், விவோசிட்டி கடைத்தொகுதிக்குப் பக்கத்தில். அதன் பெயர் ‘சிங்கப்பூர் குரூஸ் சென்டர்’. மற்றது 2012இல் திறந்த ‘மரீனா பே குரூஸ் சென்டர் சிங்கப்பூர்’. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் இங்கேதான் வரும். எங்கள் கப்பல் சீட்டில் இரண்டாவது பெயர் இருந்தது. நான் அவசரத்தில் மேப்பில் ‘சிங்கப்பூர் குரூஸ் சென்டர்’ என்று தட்டினேன். அது சரியாகத்தான் கொண்டுபோய் விட்டது, ஹார்பர்ஃபிரன்ட்டில்!

எம்ஆர்டி ரயிலிலும் இதே குழப்பம் உண்டு. மரீனா பே நிலையத்தில் இறங்கக் கூடாது. பேஃபிரன்ட்டில் இறங்கினால் மரீனா பே சாண்ட்ஸ் ஓட்டல்தான் வரும். சிவப்புத் தடத்தின் கடைசி நிலையமான மரீனா சவுத் பியரில் இறங்கி, அங்கிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும். பக்கத்தில் தீவுகளுக்குப் படகு விடும் துறை ஒன்று இருக்கிறது, அது வேறு.

இன்னொன்று. கப்பல் கிளம்பும் நேரம் வேறு, செக்-இன் மூடும் நேரம் வேறு. எங்களுக்கு 3.30க்கு மூடிவிடுவார்கள். 3.15க்கு டாக்சியில் போய்ச் சேர்ந்தோம். மாமியார் அதற்குப் பிறகு என்னிடம் வழி கேட்பதில்லை.

படி 2: முந்தைய நாளே போய் இறங்குங்கள்

அன்றைக்குக் காலையில் இறங்குகிற விமானம் வேண்டாம். சாங்கி விமான நிலையத்தில் பெட்டி வைக்கும் வசதி இருக்கிறது, ஆனால் எடுக்க மறுபடி அங்கேயே போக வேண்டும். இட்லிக்கு ஆசைப்பட்டு லிட்டில் இந்தியாவில் அறை போட்டோம். அடுத்த முறை சைனாடவுனில்தான் போடுவேன். சுற்றி முடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பெட்டி இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

படி 3: பெட்டி

கப்பல் நிறுவனம் அனுப்பும் பெட்டிச் சீட்டை அச்செடுத்து ஸ்டேப்ளர் பின் அடித்து, மேலே செல்லோ டேப்பும் ஒட்டுங்கள். முனைய வாசலில் பெட்டியை வாங்கிக்கொள்வார்கள். அறைக்கு வர மாலை ஆகிவிடும். பாஸ்போர்ட், மாத்திரை, குழந்தைக்கு நீச்சல் உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

மின்சாரக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர் எதுவும் வேண்டாம். எங்கள் கெட்டிலைச் சோதனையில் எடுத்துவைத்துவிட்டு, இறங்கும்போதுதான் கொடுத்தார்கள்.

படி 4: ரயிலுக்குக் கார்டு

தனிப் பயண அட்டை வாங்க வேண்டியதில்லை. விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையையே வாசலில் தட்டலாம். ஆனால் ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும், ஒன்றையே நான்கு பேருக்குத் தட்ட முடியாது. இந்திய அட்டை என்றால் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தட்டிச் செலுத்தும் வசதியையும் ஊரிலேயே வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள்.

படி 5: சுற்றும் வழி

காலையில் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சென்டரில் தோசை. அப்படியே சிராங்கூன் சாலையில் நடந்தால் வீரமாகாளியம்மன் கோயில். முஸ்தபா கடைக்குள் மட்டும் நுழையாதீர்கள். நுழைந்தால் கப்பல் போய்விடும். திரும்பி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

லிட்டில் இந்தியாவில் ஊதாத் தடத்தில் ஏறினால் மூன்றாவது நிலையம் சைனாடவுன். அங்கே சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில். 1827இல் நாராயண பிள்ளை தொடங்கியது, ஊரின் மிகப் பழைய இந்துக் கோயில். தீமிதி நடப்பது இங்கேதான். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் 11 மணிக்குள் போய்விடுங்கள். கொஞ்ச தூரத்தில் மேக்ஸ்வெல் உணவு நிலையம். சைவம் குறைவு. காலைத் தோசையை அதற்கேற்பச் சாப்பிடுங்கள்.

பிறகு மெர்லயன் சிலை. நடந்தே போகலாம், ஆனால் உச்சி வெயிலில் பெரியவர்களோடு வேண்டாம். கிராப் (செயலியில் கூப்பிடும் வாடகைக் கார்) கூப்பிடுங்கள். ஓட்டலில் பெட்டியை எடுத்துக்கொண்டு முனையத்துக்குப் போகும்போதும் ஆறு பேர் ஏறும் கிராப்தான், ரயில் இல்லை. நான்கு பெரிய பெட்டிகளோடு மின்படிக்கட்டில் ஏறி இறங்கிப் பார்த்தவன் சொல்கிறேன். கையில் பெட்டி இல்லாவிட்டால் ராஃபிள்ஸ் பிளேஸில் சிவப்புத் தடம் பிடியுங்கள், இரண்டாவது நிறுத்தம்தான் மரீனா சவுத் பியர்.

பின்சேர்க்கை: இரண்டு பேர் கேட்டதால் சேர்க்கிறேன். கப்பல் சுற்றிவிட்டு சிங்கப்பூருக்கே திரும்பினாலும் அது புது வருகைதான். விசா பல முறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும், சிங்கப்பூருக்குள் நுழைய இணையத்தில் நிரப்பும் வருகை அட்டையையும் (SG Arrival Card) மறுபடி நிரப்ப வேண்டும். வருவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள்தான் அதை நிரப்ப முடியும் என்பதால் புறப்படும்போதே முடித்துவைக்க வழியில்லை. நடுக்கடலில் இணையத்துக்குத் தனிக் காசு. நாங்கள் பினாங்கில் இறங்கியபோது நிரப்பினோம். அரசுத் தளத்தில் இது இலவசம். பணம் கேட்கிற தளம் வந்தால் உடனே மூடிவிடுங்கள்.