‘நல்ல தீவிரவாதி’ன்னு ரிவ்யூ வந்தா பயப்படாதீங்க: ரஷ்ய ஆக்‌ஷன் படத்துக்கு ரிவ்யூ படிக்கிறது எப்படி

‘ஆன்டிகில்லர் 2: ஆன்டிடெரர்’, 2003ல வந்த ரஷ்ய படம், செச்னிய தீவிரவாதிங்கள (செச்னியா, ரஷ்யாவுல இருந்து பிரிஞ்சு போக சண்டை போட்ட பகுதி) போலீஸ் ஹீரோ வேட்டையாடுற கதை. பாக்கலாமா வேணாமான்னு ரஷ்யக்காரங்க எழுதுன ரிவ்யூவ மொபைல்ல ட்ரான்ஸ்லேட் போட்டு படிச்சீங்கன்னா எடுத்தவுடனே ‘நல்ல தீவிரவாதி, நேரம் போனதே தெரியல’ங்கிற மாதிரி ஏதாவது வந்து தூக்கிவாரிப் போடும். நானும் முதல்ல என்னடா இவனுங்க யாரு பக்கம்னு முழிச்சேன்.

விஷயம் என்னன்னா ‘பயெவிக்’னு ஒரு ரஷ்ய சொல். ஆக்‌ஷன் படத்துக்கும் அதான் பேரு, துப்பாக்கி தூக்குன தீவிரவாதிக்கும் அதான் பேரு, ரெண்டுமே ‘போய்’, அதாவது சண்டைங்கிற சொல்லுல இருந்து வந்தது. வேற படத்துக்கு இது பிரச்சனையே இல்ல, இந்த படத்துல ரெண்டு அர்த்தமும் ஒரே பத்தியில வரும் பாருங்க, அங்கதான் மெஷின் குழம்பும். பக்கத்துல நடிப்பு, டைரக்டர், மியூசிக்னு இருந்தா அது ஆக்‌ஷன் படம், பணயக்கைதி, குண்டு, மலைன்னு இருந்தா தீவிரவாதி. இத மட்டும் மனசுல வச்சுக்கிட்டாலே பாதி ரிவ்யூ புரிஞ்சிடும்.

இன்னும் ரெண்டு சொல் இருக்கு. திடீர்னு ‘கிரான்பெர்ரி’ன்னு வந்தா அது பழம் இல்ல, ‘க்ளூக்வா’, ரஷ்யாவ பத்தி அரைகுறையா தெரிஞ்சவன் காட்டுற மாதிரி இருக்குன்னு கலாய்க்கிறாங்க. ‘கறுப்பு’, ‘இருட்டு’ன்னு வந்தா பெரும்பாலும் ‘செர்னூகா’, ஒரே அழுக்கு, அடிதடி, விடிவே இல்லங்கிற டைப் படங்க, 80கள் கடைசியில அங்க ஏகப்பட்டது வந்துச்சு.

அடுத்தது எழுதுன தேதி. ஸ்டார் எத்தனைன்னு பாக்குறதுக்கு முன்னாடி இத பாருங்க, எனக்கு இதுதான் முக்கியம். 2002 அக்டோபர்ல மாஸ்கோ துப்ரோவ்கா தியேட்டர்ல செச்னிய தீவிரவாதிங்க 800 பேருக்கு மேல பணயக்கைதியா புடிச்சாங்க, மீட்கும்போது ரஷ்யப் படை விட்ட மயக்க வாயுவுல மூச்சுத்திணறியே நிறைய பேரு போயிட்டாங்க, மொத்தம் குறைஞ்சது 130 பணயக்கைதிங்க செத்தாங்க. படம் வந்தது அதுக்கு அடுத்த வருஷம். 2004 செப்டம்பர்ல ரஷ்யாவுலயே பெஸ்லான்ங்கிற ஊர் ஸ்கூல்லயும் அதே மாதிரி பணயக்கைதியா புடிச்சாங்க, செத்தது 330 பேருக்கு மேல, அதுல பாதிக்கு மேல குழந்தைங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல படத்த பாத்தவன் ஹீரோ சுடுறப்போ ‘இப்படி ஒருத்தன் அன்னிக்கு இருந்திருக்கக் கூடாதா’ன்னு நினைச்சிருப்பான், பெஸ்லானுக்கு அப்புறம் பாத்தவனுக்கு அதே சீன் ‘இவ்ளோ சுலபமாடா’ன்னு எரிச்சலா இருந்திருக்கலாம், பத்து பதினஞ்சு வருஷம் கழிச்சு பாக்குற பையனுக்கு அது வெறும் பழைய ஷூட்டிங் சீன். மூணு பேரும் மூணு மார்க்கு போடுவாங்க, யாரும் பொய் சொல்லல.

எழுதுனவர் முதல் பார்ட்ட பத்தி என்ன சொல்றாருன்னும் தேடுங்க. 2002ல வந்த அது ரவுடி கேங் கதை, ஜெயில்ல இருந்து வெளிய வர்ற முன்னாள் போலீஸ் கோரெனெவ், அதான் மொட்டத்தலை கோஷா குட்சென்கோ, கணக்கு தீக்கிறான். 90கள் ரவுடி உலகத்துக்காக அத ரசிச்சவருக்கு ரெண்டாவதுல தீவிரவாதம்னு ரூட்டு மாறுனது பிடிக்காம போகலாம், அவரோட கோவத்துல பாதிய கழிச்சுக்கோங்க. டேனில் கொரெட்ஸ்கி நாவல படிச்சவங்க ‘புக் மாதிரி இல்ல’ன்னு புலம்புவாங்க, அது எல்லா ஊர்லயும் உள்ளதுதான்.

‘கிளிப் மாதிரி இருக்கு’ன்னு திட்டுனா மட்டும் கொஞ்சம் நில்லுங்க. டைரக்டர் யெகோர் கொன்சலோவ்ஸ்கி விளம்பரப் படம் எடுத்து வந்தவர், கண்ணு சிமிட்டுறதுக்குள்ள நாலு ஷாட்டு மாறும், மியூசிக் வீடியோ ஸ்டைலு, அத சொல்றாங்க. உங்களுக்கு அது தலைவலின்னா இந்த குறைய நம்பலாம்.

செச்னியாக்காரங்கள எப்படி காட்டியிருக்காங்கன்னு பேசுற ரிவ்யூ ஒண்ணாவது கண்டிப்பா படிங்க, நீளமா இருந்தாலும் பரவால்ல. 1994ல இருந்து ரெண்டு போர பாத்த ஜனம் அது, அவங்கள்ல ஒருத்தர் இந்தப் படத்த பாக்குற விதமும் மாஸ்கோவுல உக்காந்து பாக்குறவர் விதமும் ஒண்ணா இருக்காது. சண்டை சீன் சூப்பர்னு பத்து பேரு எழுதுனத விட இது ஒண்ணு உங்களுக்கு அதிகம் சொல்லும்.

கினோபாய்ஸ்க்ங்கிற ரஷ்ய சினிமா சைட்ல ரிவ்யூங்க பச்சை, சிவப்பு, சாம்பல்னு கலர்ல பிரிச்சிருக்கும். நான் சாம்பல்ல இருந்துதான் ஆரம்பிப்பேன், பச்சைக்காரன் ரசிகன், சிவப்புக்காரன் கடுப்புல இருக்கான், நடுவுல உள்ளவன்தான் எது நல்லா இருந்துச்சு எது சொதப்புச்சுன்னு உக்காந்து எழுதுவான்.

அப்புறம் ‘நரி பட்டைய கிளப்பிடுச்சு’ன்னு வந்தா படத்துல மிருகம் எதுவும் வருதான்னு தேடாதீங்க, ‘லிஸ்’னா ஆண் நரி, அது கோரெனெவோட பட்டப்பேரு.