எக்ஸ்ரே மெஷின் வாங்கப் போறீங்களா? முதலில் இதையெல்லாம் முடிங்க

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கேரளப் பக்கம் இருக்கிற கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கம் சின்னதாக ஆஸ்பத்திரி தொடங்குகிறவர்கள் அடிக்கடி கேட்பது, "பொள்ளாச்சியில ஒரு பழைய எக்ஸ்ரே மெஷின் நல்ல விலைக்கு வருது, எடுத்துடலாமா?" என்றுதான். எடுக்கலாம், ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. அணுசக்திச் சட்டத்தின் கீழ் 2004-இல் வந்த கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி, மெஷினை வைத்து ஓட்டுகிற நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும். "கம்பெனிக்காரர் எல்லாம் பார்த்துக்குவார்" என்பது செல்லாது.

கேரளமா தமிழ்நாடா என்ற குழப்பம் வேண்டாம். அனுமதி தருவது மும்பையில் இருக்கிற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், எல்லோரும் ஏ.இ.ஆர்.பி. என்பார்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விதி ஒன்றுதான். ஆனால் அனுமதி ஒரு குறிப்பிட்ட இடத்துக்குத் தரப்படுவது, அதனால் பொள்ளாச்சி முகவரிக்கு வாங்கிய காகிதத்தைக் காட்டி இங்கே படம் எடுக்க முடியாது.

1. ஈ-லோராவில் கணக்கு

ஈ-லோரா என்பது ஏ.இ.ஆர்.பி.யின் இணையதளம். நிறுவனத்தின் பெயரில் பதிவு செய்து, வேலை செய்பவர்களையும் அதில் சேருங்கள். ஏஜென்ட் தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும். சாதாரண எக்ஸ்ரேக்குத் தரும் அனுமதிக்குப் பெயர் 'பதிவு', சி.டி. ஸ்கேன், கேத் லேப் (இதய ரத்தக்குழாய் சிகிச்சை அறை) போன்றவற்றுக்கு லைசென்ஸ். பழைய மெஷினாக இருந்தாலும் வாங்குவதற்கு முன்பே இங்கே அனுமதி கேட்க வேண்டும்.

2. அறை

பணம் வீணாவது பெரும்பாலும் இதில்தான், ஏனென்றால் டைல்ஸ் எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் பலருக்கு சுவரின் கனம் ஞாபகம் வரும். சுவர் போதுமான கனத்தில் இருக்கணும், கதவில் ஈயத் தகடு வேண்டும், தடுப்பு இல்லாத ஜன்னலோ காற்றுத் துளையோ வெளிப்பக்கத் தரையிலிருந்து 2 மீட்டருக்கு மேலே இருக்கணும். மார்புப் படம் எடுக்கிற ஸ்டாண்டை நோயாளிகள் காத்திருக்கும் பக்கத்துச் சுவரில் வைக்காதீர்கள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு, கதவில் கதிர்வீச்சுச் சின்னம், கர்ப்பமாக இருந்தால் முன்பே சொல்லும்படி ஒரு அறிவிப்பு. நம்ம ஊரில் அதைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டுவதுதான் சரி.

3. ஆட்கள்

கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி, அதாவது ஆர்.எஸ்.ஓ., ஒருவர் வேண்டும். தனியாக ஆள் எடுக்கணும் என்றில்லை, தகுதி இருந்தால் டாக்டரோ டெக்னீஷியனோ அந்தப் பொறுப்பை ஏற்கலாம், ஆனால் ஏ.இ.ஆர்.பி. ஒப்புதல் வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவரை இந்த வேலையில் வைக்கக் கூடாது. ரிசப்ஷன் பையனை "சும்மா ஸ்விட்சை அமுக்குடா" என்று அனுப்புவது எங்கேயும் நடக்கிறது, அதுவும் விதிமீறல்தான்.

4. பேட்ஜ்

எக்ஸ்ரே எடுப்பவர், உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கிற டி.எல்.டி. பேட்ஜ் அணிந்தே ஆகணும், அவரவருக்கு அவரவர் பேட்ஜ். மார்பு உயரத்தில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே போடுவது முறை. வேலை முடிந்ததும் அதை எக்ஸ்ரே அறையிலேயே தொங்கவிட்டுப் போனால், ஆள் வாங்காத கதிர்வீச்சு அவர் கணக்கில் ஏறிவிடும். பணியாளருக்கு வரம்பு, ஐந்து ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு), எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1. அளவு அறிக்கை வந்தால் ஃபைலில் போட்டு மூடாமல், சம்பந்தப்பட்டவரிடம் காட்டுங்கள்.

5. ஓட ஆரம்பித்த பிறகு

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தரச் சோதனை செய்து அறிக்கையை வைத்திருங்கள். அனுமதி முடியும் தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள்.

6. விற்கும்போது, உடைக்கும்போது

2010-இல் டெல்லி மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஒன்று ஏலத்தில் விட்ட பழைய கருவிக்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. பழைய இரும்புக் கடையில் அதைப் பிரித்ததில் பலர் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தே போனார். அந்த மாதிரி கதிரியக்க மூலம் வைத்திருப்பவர் அது தொலைந்தால் 24 மணி நேரத்துக்குள் ஏ.இ.ஆர்.பி.க்குத் தெரிவிக்க வேண்டும். எக்ஸ்ரே மெஷினில் அப்படி எதுவும் கிடையாது, கரண்ட்டை அணைத்தால் கதிரும் இல்லை. அதற்காக இரவோடு இரவாக மினி லாரியில் ஏற்றி எல்லையில் இருக்கிற வேலந்தாவளம் தாண்டி யாருக்கோ கைமாற்றிவிட முடியாது. வாங்குகிறவருக்கு அனுமதி இருக்கணும், இல்லையென்றால் கதிரை உண்டாக்கும் ட்யூபைத் திரும்பப் பயன்படுத்த முடியாதபடி செய்து, அதை ஈ-லோராவில் தெரிவித்துவிட்டு, அப்புறம்தான் இரும்புக் கடைக்கு.