ஐம்பதை ஒட்டிய வயதில் குணச்சித்திர நடிகராவது எப்படி?

வழக்கறிஞராக இருந்த சாருஹாசன், 1979-இல் வெளிவந்த ‘உதிரிப்பூக்கள்’ படத்தில் அறிமுகமானபோது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பத்தாண்டுகள் நிறைவதற்குள், கிரீஷ் காசரவள்ளியின் ‘தபரன கதெ’ என்னும் கன்னடப் படத்தில், ஓய்வூதியத்துக்காக அலையும் கடைநிலை ஊழியராக நடித்துத் தேசிய விருதையும் பெற்றார். தாமதமாக நடிக்க வருகிறவர்கள் அந்தப் படத்தை ஊன்றிப் பார்க்க வேண்டும் என்பேன்.

முதலில், நரையை மறைக்காமல், ஒப்பனையின்றி, இயல்பான வெளிச்சத்தில் நேர்முகமாகவும் பக்கவாட்டிலும் புகைப்படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களைத் தேடுகிற இயக்குநருக்கு வேண்டியது அந்த வயதுதான். பெயர், ஊர், பேசத் தெரிந்த வட்டார வழக்குகள் ஆகியவற்றைச் சொல்லும் சிறிய காணொளி ஒன்றும் தேவைப்படும்.

பயிற்சியைத் தவிர்க்காதீர்கள். நாடகக் குழு ஒன்றில் சேர்ந்தால் குரலும் உடலும் பழகும். ஆனால் மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசிப் பழகியவர், கேமரா அருகே வரும்போது குரலையும் முகபாவத்தையும் வெகுவாகக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஒரே காட்சியைத் தொலைவிலிருந்தும் குளோசப்பிலும் திரும்பத் திரும்பப் படமாக்குவார்கள் என்பதால், முதல் முறை எந்தச் சொல்லில் காபி டம்ளரை எடுத்தீர்களோ, அதே சொல்லில், அதே கையால் ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டும். தவறினால் படத்தொகுப்பில் காட்சி ஒட்டாது. வீட்டிலேயே கைபேசியில் பதிவுசெய்து இதைப் பழகலாம்.

வாய்ப்புத் தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நடிப்புக்கான ஊதியத்தையும் பயணச் செலவையும் படப்பிடிப்புக்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.